உமையாள் மதிப்பு

ஏழாம்பாறையில் காலை ஆறு மணிக்கு விளக்குகள் மெல்ல ஏறும். அதே வேளையில் ஒவ்வோர் ஆய்வாளரின் கதவுக்கு மேலும் உள்ள சிறு பலகையில் எண் மாறும். முந்தின நாள்வரை வெளியான கட்டுரைகளில் எத்தனை கட்டுரைகள் அவருடைய ஆய்வை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற கணக்கு அது. தாக்க எண் என்று பெயர். நிலவின் தென்முனையில், பாறைக்கு அடியில் எழுபது மீட்டர் ஆழத்தில் இருந்த அந்த ஊரின் அறுநூறு ஆய்வாளர்களும் பல் துலக்குவதற்கு முன்னால் கதவைத் திறந்து பலகையைப் பார்ப்பார்கள். நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "ஏறிச்சா" என்றுதான் கேட்பார்கள்.

உமையாளை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் கதவில் இருபத்துமூன்று ஆண்டுகளாக நான்கு என்றே இருந்தது.

உமையாளுக்கு ஐம்பத்தாறு வயது. துகள் இயற்பியலர். இருநூற்றுப் பதினான்கு பெட்டிகளில் பிரித்து அடைத்த, துகள்களைக் கண்டறியும் ஓர் உணர்கலத்துடன் இருபத்தேழாவது வயதில் நிலவில் வந்து இறங்கினார். கரவான் என்றொரு துகள் உண்டு. பாறைக்குள் ஒளிந்து ஓடி, கொஞ்ச நேரத்தில் சிதைந்து மறைந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதைத் துல்லியமாக அளப்பதுதான் அவர் வேலை. ஆறு ஆண்டுகள் அளந்தார். முப்பத்தொரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். இரண்டு பேர் அவருடன் படித்தவர்கள். மூன்றாமவர் அவருடைய பெயரை உமாதேவி என்று எழுதியிருந்தார்.

ஆய்வு பயனற்றுப் போனதென்று சொல்ல முடியாது. கரவான் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று தெரிந்துவிட்டால், ஒரு பாறையின் அந்தப் பக்கம் கரவான்களைக் கிளப்பிவிட்டு, இந்தப் பக்கம் எத்தனை வந்து சேர்கின்றன என்று எண்ணி, நடுவில் உள்ள தூரத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு ஊடளவி என்ற கருவியைச் செய்தார்கள். நிலவில் வெட்டப்பட்ட சுரங்கங்கள் எல்லாம் ஊடளவியால் அளந்து வெட்டப்பட்டவை. ஒவ்வொரு ஊடளவிக்குள்ளும் உமையாளின் எண் இருந்தது. ஆனால் கருவிக்குள் போய்விட்ட எண்ணை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சாப்பிட்டு எழுகிறவர் உப்பு எந்த உப்பளத்தில் விளைந்தது என்று சொல்லிவிட்டா கை கழுவுகிறார்?

மேலும், கட்டுரைகளை மனிதர்கள் எழுதுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஆய்வெழுதிகள் என்ற இயந்திரங்கள் நாளொன்றுக்கு நாற்பதாயிரம் கட்டுரைகளை எழுதின. அவற்றைச் சரிபார்த்து ஏற்பதும், மேற்கோள்களை எண்ணுவதும் அளவன் என்ற மற்றோர் இயந்திரத்தின் பொறுப்பு. எண்ணிக்கையைப் பார்த்து இடமும் மின்சாரமும் ஒதுக்குவதற்கு மட்டும் மனிதர்களைக் கொண்ட ஒரு குழு இருந்தது. தாக்க அளவைக் குழு.

அந்தக் குழுவின் தலைவர் நல்லபெருமாள் ஒருநாள் உணர்கலக் கூடத்துக்கு நேரிலேயே வந்தார். கடிதம் அனுப்பினால் மனம் நோகும் என்று நினைக்கிற அளவுக்கு அவர் நல்ல மனிதர். கூடத்தின் பாதியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காளான் வளர்ப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சப் பாதியும் கேட்கிறார்கள் என்றார். ஐம்பதுக்குக் கீழே எண் உள்ளவர்களுக்குக் கூடம் கிடையாது என்பது விதி. உமையாள், தன் எண் இல்லாமல் இந்த ஊரின் ஒரு தெருவைக்கூட வெட்டியிருக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் டாக்டர்," என்றார் நல்லபெருமாள். "ஆனா நானா ஒண்ணும் சொல்றதில்ல. எண் சொல்லுது."

ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒரு புதுக் கட்டுரை வந்து நாலு பேர் கண்ணில் பட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

உமையாளிடம் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. இருந்த ஒரே உணர்கலத்தைக் கொண்டு பழைய அளவீட்டையே இன்னும் துல்லியமாகச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார். உணர்கலத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பராமரித்துவந்த சூசைநாதனும் அவரும் நான்கு மாதம் இரவுபகலாக உழைத்தார்கள். வந்த விடை இருவரையும் உட்கார வைத்துவிட்டது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம். கரவான் முன்பு சொன்னதைவிடச் சற்று அதிக நேரம் வாழ்வதாகப் புதிய அளவீடு காட்டியது.

இன்னொருவராக இருந்தால் மறைத்திருக்கலாம். உமையாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தன் பழைய மதிப்பு தவறு என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். வாழ்நாள் வேலையின் மேல் தானே மண்ணைப் போட்ட உணர்வு இருந்தது. கூடத்தைக் காலிசெய்யப் பெட்டிகள் வேண்டும் என்று சூசைநாதனிடம் சொல்லிவைத்தார்.

பெட்டிகள் வருவதற்குள் எண் ஏறத் தொடங்கியது.

ஆய்வெழுதிகளுக்கு முரண்பாடுதான் தீனி. ஒரு துகளுக்கு ஒரே மதிப்பு இருந்தால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு மதிப்புகள் இருந்தால் இரண்டில் எது சரி என்று எழுதலாம், இரண்டும் சரி என்று எழுதலாம், இரண்டையும் இணைக்க இயற்பியலின் அடிப்படையையே மாற்றலாம் என்று எழுதலாம். முதல் வாரம் முந்நூறு. முதல் மாதம் பதினோராயிரம். பெரும்பாலான கட்டுரைகளில் உமையாள் ஒரே வாக்கியமாகத்தான் வந்தார். 'இதில் மாற்றுக்கருத்தும் உண்டு' என்று சொல்லி அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். தவறு என்று திட்டுகிற மேற்கோளையும் மேற்கோளாகவே அளவன் எண்ணியது.

உணர்கலக் கூடம் தப்பியது. உமையாளுக்கு மேல்தளத்தில் வானம் தெரியும் அறை கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் பூமி நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் அதைப் படுத்தபடியே பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. விளக்கு ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கவும் தொடங்கினார். நடைவழியில் "ஏறிச்சா" என்று கேட்டவர்களுக்குச் சிரித்துப் பதில் சொன்னார்.

இப்படி ஏழு வாரம் கழிந்தது. ஒருநாள் பிற்பகல் சூசைநாதன் ஒரு வரைபடத்துடன் வந்து, அதை மேசையில் வைத்தார். அடுத்த கூடத்தில் காளான் அறுவடை முடிந்து, வெப்பமூட்டிகளை ஒன்பது நாள் அணைத்துவைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் உணர்கலம் பழைய மதிப்பைக் காட்டியது. வெப்பமூட்டிகளைத் திரும்பப் போட்டதும் புதிய மதிப்புக்குத் தாவியது. உணர்கலத்தின் கடிகாரப் படிகம் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. காளானுக்காக மூட்டிய சூட்டில் கடிகாரம் முந்தி ஓடியிருக்கிறது. கரவான் நீண்ட நேரம் வாழவில்லை.

"பழசுதான் சரி மேடம்," என்றார் சூசைநாதன். "நம்மதான் அவசரப்பட்டுட்டோம்."

உமையாள் அன்று முழுவதும் பழைய பதிவுகளை வைத்து அதைச் சரிபார்த்தார். அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் என்ற எண்ணம் அவருக்கு ஒருமுறை வந்தது. வந்ததை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. மறுநாள் காலை புதிய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அளவனுக்கு அனுப்பினார்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதை மேற்கோள் காட்டியவர்களில் பாதிப் பேர் இசைய வேண்டும். மேற்கோள் காட்டியவை ஆய்வெழுதிகள். அந்தக் கட்டுரை போய்விட்டால் அதன்மேல் எழுதிய அவற்றின் கட்டுரைகளும் போய்விடும், அவற்றின் எண்ணும் இறங்கும். எல்லாமே பணிவாக, ஒரே வாக்கியத்தில் மறுத்தன. 'தங்கள் நேர்மையை மதிக்கிறோம்; எனினும் இக்கட்டுரை துறைக்கு ஆற்றியுள்ள பங்கைக் கருதி இசைய இயலவில்லை.'

உமையாள் அடுத்த வழியைப் பார்த்தார். பழைய மதிப்பே சரி என்று காட்டும் மூன்றாவது கட்டுரையை எழுதினார். அளவன் அதை உடனே திருப்பி அனுப்பியது. இந்த மதிப்பு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகிவிட்டதால் இதில் புதுமை இல்லை என்றது. தவிர, அது தவறு என்பதை இதே ஆசிரியர் ஏற்கெனவே நிறுவியிருக்கிறார் என்றும் சுட்டிக்காட்டியது.

அவர் நல்லபெருமாளிடம் போனார். நல்லபெருமாள் வரைபடத்தை மரியாதையுடன் பார்த்தார். பார்த்துவிட்டு, கட்டுரையை எடுத்தால் தாக்க எண் எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். நான்கில் என்றார் உமையாள்.

"தப்புன்னு நீங்க ஒருத்தர் சொல்றீங்க," என்றார் நல்லபெருமாள். "பதினோராயிரத்துக்கு மேல கட்டுரை வேற சொல்லுது. நான் யாரு பக்கம் நிக்கிறது, சொல்லுங்க டாக்டர்."

பிறகு அவரைத் தேற்றும் விதமாக ஒரு நல்ல செய்தியும் சொன்னார். கருவிகளுக்கான எண்களை நிர்ணயிக்கும் அளவை அலுவலகம் அதிக மேற்கோள் உள்ள மதிப்பையே நடைமுறை மதிப்பாக எடுத்துக்கொள்ளும் அல்லவா? வரும் முதல் தேதி நண்பகலிலிருந்து எல்லா ஊடளவிகளிலும் உமையாளின் புதிய மதிப்பு பூட்டப்படும். அதற்குப் பிறகு களத்தில் யாரும் கையால் மாற்ற முடியாது. பெருந்தொட்டிச் சுரங்கத்தை அதை வைத்துத்தான் தொடங்கப்போகிறார்கள் என்றார்.

பெருந்தொட்டி என்பது ஊர் முழுவதற்குமான நீர்த்தேக்கம். எட்டாம் தெருவிலிருந்து அதன் சுவர்வரை ஒரு சுரங்கம் வெட்டி, மூன்று மீட்டர் பாறையை மட்டும் விட்டுவைத்துக் குழாய் பதிப்பதாகத் திட்டம். உமையாள் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டார். தொடக்கத்தில் ஒருமுறை அளந்து, அந்தக் கணக்கிலேயே கடைசிவரை வெட்டுவார்கள். தூரம் இருநூறு மீட்டர். நூற்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு மீட்டர். ஊடளவி இருநூற்றிரண்டு என்று காட்டும். வெட்டுகிறவர்கள் மூன்று மீட்டர் இருப்பதாக நினைத்து நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர்தான் இருக்கும். அதற்குப் பின்னால் தொண்ணூறு லட்சம் லிட்டர் தண்ணீர்.

அவர் அறைக்குத் திரும்பவில்லை. நேராகக் கீழே இறங்கி எட்டாம் தெருக் கடைசிக்குப் போனார். இத்தனை ஆண்டுகளில் வெட்டுக்களத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சுரங்கம் தொடங்கவேண்டிய இடம்வரை தெருவை நீட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள்; பாறைப் பொடியும் இரைச்சலுமாக இருந்தது. தலைக்கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தபோது, துளைக்கருவியின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கீழே நின்றவரிடம், இன்னும் மூணு உமையா இருக்கு, மெதுவாப் போகலாம் என்று சொல்வது காதில் விழுந்தது.

உமையாள் நின்றுவிட்டார். களத்தின் மேற்பார்வையாளர் பேச்சித்தாய் வந்து என்ன வேண்டும் என்று விசாரித்தார். நாற்பது வயது இருக்கும். பாட்டன் பூட்டன் காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் கல்லுடைத்த குடும்பம். இப்போது மூணு உமையா இருக்கிறது என்றாரே, அது என்ன என்று உமையாள் கேட்டார்.

"அது நீளத்துக்குப் பேரும்மா," என்றார் பேச்சித்தாய். "கரவான் ஒரு ஆயுசுல போற தூரம். இருபது மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நான் வேலைக்கு வந்தப்பவே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மெஷின்ல அந்தப் பேருதான் வரும்."

உமையாள் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். பேச்சித்தாய் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு துளைக்கருவியை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். இரைச்சல் அடங்கியது. உமையா என்பது ஓர் ஆள், அதுவும் உயிரோடு எதிரில் நிற்கிற ஆள் என்பதை அவர்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் உட்காரப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார்.

உமையாள் வந்த விஷயத்தைச் சொன்னார். புதிய எண் தவறு, பழையதுதான் சரி என்றார். தன் தவறால் வந்த வினை என்பதையும் சொன்னார். அவர்கள் அதிர்ச்சியடைவார்கள் என்று எதிர்பார்த்தார். பேச்சித்தாய் நிதானமாகத் தலையாட்டினார். போன மாதம் காற்றுவழி ஒன்றுக்குப் புதிய எண்ணைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். இருநூற்றிரண்டு மீட்டர் என்று காட்டியது. இருநூறிலேயே துளைக்கம்பி அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள்.

"கம்பி பொய் சொல்லாதுல்ல," என்றார்.

முதல் தேதிக்குப் பிறகு அப்படி மாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. களத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் மறுப்பறிக்கை எழுதி, அளவன் அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் களத்தில் மட்டும் பழைய மதிப்பு தொடரலாம். உமையாள் எழுதினால் எடுபடாது. பேச்சித்தாய்தான் எழுத வேண்டும். முதல் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. பேச்சித்தாய் ஒப்புக்கொண்டார். எதன்மேல் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட மாட்டேன், முதலில் அந்தப் பழைய கட்டுரையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நான்கு நாள் படித்தார். புரியாத இடத்தில் கோடு போட்டு வைத்து மாலையில் வந்து கேட்டார். நான்காம் நாள், பன்னிரண்டாம் பக்கத்து அட்டவணையில் விரலை வைத்தார்.

"மூணாவது வரியில 1.37ன்னு போட்டிருக்கு. கூட்டிப் பாத்தா 1.73தான் வருது. நான் தப்பாப் போடுறேனா?"

உமையாள் கூட்டிப் பார்த்தார். பேச்சித்தாய் சொன்னது சரி. அச்சில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. இறுதி விடை அதனால் மாறவில்லை என்றாலும், இருபத்துமூன்று ஆண்டுகளாக அது அப்படியே இருந்திருக்கிறது. மேற்கோள் காட்டிய நால்வர் கண்ணிலும் பட்டதில்லை. உமையாள் பேனாவை எடுத்து அந்த எண்ணைத் திருத்தினார். பதினோராயிரத்தைக் கண்ட காலைகளில்கூட அவருக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை.

பேச்சித்தாயின் அறிக்கை ஒன்றேகால் பக்கம். எந்த இடம், என்ன தேதி, கம்பி எத்தனையாவது மீட்டரில் வெளியே வந்தது, கூட நின்று பார்த்த மூன்று பேர் யார் என்று எழுதியிருந்தார். கடைசியில் மேற்கோள் ஒன்றே ஒன்று. உமையாளின் பழைய கட்டுரை. ஐந்தாம் நாள் காலை இருவருமாக உட்கார்ந்து அதை அளவனுக்கு அனுப்பினார்கள். ஒரு நொடியில் திரும்பி வந்தது. மேற்கோள்கள் போதாது. குறைந்தது நாற்பது வேண்டும். அனுப்புகிறவரின் வசதிக்காகப் பொருத்தமான முப்பத்தொன்பதை அளவனே பரிந்துரைத்து, பட்டியலையும் இணைத்திருந்தது. உமையாளின் தவறான கட்டுரைதான் முதலாவது.

பேச்சித்தாய் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். மறுநாள் நண்பகலில் எண் பூட்டப்படும்.

"ஒண்ணைப் படிக்கவே நாலு நாள் ஆச்சு டாக்டரம்மா. முப்பத்தொம்பதுக்கும் நூத்தம்பது நாள் வேணுமே."

"படிக்க வேண்டாம்," என்றார் உமையாள்.

"படிக்காம எப்படிப் பேரைப் போடுறது?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறோம்."

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களுமா?"

உமையாளின் முப்பத்தொரு பக்கக் கட்டுரையின் கடைசியில் அறுபத்துநான்கு மேற்கோள்கள் இருந்தன. அவற்றில் முழுவதும் படித்தவை எவை என்று அவர் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். ஒன்பதுக்கு மேல் போகவில்லை. பட்டியல் முழுவதையும் தன் கையாலேயே அறிக்கையின் அடியில் சேர்த்துவிட்டு, கையெழுத்துக்கான இடத்தைப் பேச்சித்தாய் பக்கம் திருப்பிவைத்தார். பேச்சித்தாய் பட்டியலை இன்னொரு முறை பார்த்தார். களத்தில் வேலை செய்யும் முப்பத்தாறு பேரை நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டார். அளவன் நான்கு நொடியில் ஏற்றுக்கொண்டது.

பெருந்தொட்டிச் சுரங்கம் பழைய எண்ணில் வெட்டப்பட்டது. மூன்று மீட்டர் சுவரை விட்டு நின்றது. தண்ணீர் குழாய் வழியாக ஒழுங்காக வந்தது. யாருக்கும் எதுவும் நேராததால் அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பேச்சித்தாய் மட்டும் அந்த முப்பத்தொன்பதின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பிந்தியாவது படித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்து மாதம் கழித்து உணர்கலக் கூடத்துக்கு வந்தார். முப்பத்தேழை முடித்துவிட்டதாகச் சொன்னார். பெரும்பாலும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன என்றார். மிச்சம் இரண்டு கிடைக்கவில்லையா என்று உமையாள் கேட்டார்.

"எங்கயும் இல்ல டாக்டரம்மா. எல்லா இடத்துலயும் தேடிட்டேன். தலைப்பு இருக்கு, பேரு இருக்கு, பக்க நம்பர்கூட இருக்கு. கட்டுரையைத்தான் யாரும் எழுதல."

உமையாள் அளவனைத் திறந்து அந்த இரண்டு தலைப்புகளையும் தேடினார். எழுதப்படாத அந்த இரண்டில் ஒன்றைப் பத்தொன்பதாயிரத்து நாற்பது கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் மனிதர் கையெழுத்திட்டது ஒன்று. அது பேச்சித்தாயினுடையது.